பெயர் சொல்லிக் கூப்பிடாதவன்

ஏழாயிரம்பண்ணை உக்கிரபாண்டி ரேஷன் கடையில் மனைவியைச் 'சம்சாரம்' என்பான். டீக்கடைக் கூட்டாளிகளிடம் 'பொண்டாட்டி'. விதை வாங்கப் போனால் 'வீட்டுல கேட்டுச் சொல்றேன்'. நேரில் என்றால் 'இந்தா' போதும். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் பெயர் சொல்லி ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அவன் ஆத்தாளுக்கும் அதே பெயர். பெற்றவள் பெயரைச் சொல்லி 'தண்ணி கொண்டா' என்று ஒருத்தியை ஏவ அவனுக்கு நாக்கு எழவில்லை. ஆத்தா செத்த பிறகும் அப்படித்தான்.

2005 தீபாவளி சீசன். பருத்திக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவன், தெற்கே வெடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான். மனைவி வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிப் பக்கம் புகை எழும்பி நின்றது. மருந்துக் கேனை வரப்பிலேயே போட்டுவிட்டுச் சைக்கிளை மிதித்தான்.

கேட்டில் கூட்டம் முட்டியது. தப்பி வந்தவர்களைப் பின்பக்கக் காட்டில் உட்கார வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் பெயரை எழுதிய தாள் வாட்ச்மேன் சங்கிலிமுத்துவின் கையில் இருந்தது. யாரையும் உள்ளே விடவில்லை.

"எங்க வீட்டுல இங்கனதான் வேலை பாக்கு. இருக்கா, பாருங்க."

"எல்லாரும் வீட்டுல, வீட்டுலன்னா நான் யாரைன்னு தேட? பேரைச் சொல்லுங்கண்ணே."

உக்கிரபாண்டி, கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான்.

"சொர்ணலட்சுமி."

சங்கிலிமுத்து தாளை மேலிருந்து கீழே பார்த்தார். திருப்பியும் பார்த்தார். அந்தப் பெயர் இல்லை. இன்னும் எழுதி முடிக்கவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று அவர் சொன்னது உக்கிரபாண்டியின் காதில் ஏறவில்லை. கம்பி வேலியை ஒட்டி ஓடினான். வேலிக்கருவை முள் வேட்டியைக் கிழித்தது.

"சொர்ணலட்சுமி! ஏளா, சொர்ணலட்சுமி!"

காட்டில் மண்ணும் கரியுமாக உட்கார்ந்திருந்த பெண்களின் முகமெல்லாம் ஒரே முகமாகத் தெரிந்தது. தூக்குவாளியோடு ஒருத்தி மட்டும் எழுந்து வேலிப் பக்கம் வந்தாள். காலில் செருப்பில்லை. புருவம் பொசுங்கியிருந்தது.

"எதுக்கு அத்தை பேரைச் சொல்லிக் கத்துறீக? நான் இங்கனதானே நிக்கேன்."

அவளைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவளை இன்னும் இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.