வால்வு கழற்றிய சிலிண்டர்

பீர் மைதீனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைத் தென்காசி பழைய இரும்புக்காரர்களில் நான் பார்த்ததில்லை. இதைப் பாராட்டாகத்தான் சொல்கிறேன். இலத்தூர் சாலையில் அவர் கடைக்கு எதிரே என் வெல்டிங் பட்டறை. அவர் சிலிண்டர் உடைக்கும் நிதானத்தைப் பார்த்துப் பதினாறு வருஷமாக எரிச்சல்பட்டிருக்கிறேன்.

சவூதியில் காஸ் நிரப்பும் இடமொன்றில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவர். காலி சிலிண்டர் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்பார். குலுக்கினால் சத்தம் வராது, தூக்கினால் கனம் தெரியாது, ஆனாலும் உள்ளே மிச்சம் இருக்கும். அதனால் அவரிடம் வரும் சிலிண்டர் நேரே பின்பக்க வெட்டவெளிக்குப் போகும். வால்வைத் திறந்துவிட்டு மூன்று நாள் அப்படியே போட்டுவைப்பார். பக்கத்தில் எவனாவது பீடி பற்றவைத்தால் அன்றோடு அவனுக்கு அந்தக் கடையில் வேலை கிடையாது. பிறகு சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். ஈரச்சாக்கைச் சுற்றி, நீளமான ஸ்பேனரால் வால்வைக் கழற்றுவார். வால்வு பித்தளை; அது தனிக் கூடைக்குப் போகும். சிலிண்டரில் கழுத்து வரை தண்ணீர் நிரப்பிவைத்து, மறுநாள்தான் அறுப்பு. துருப்பிடித்து இறுகிய வால்வாக இருந்தால் ஆட்களைக் கிட்டேயே விடமாட்டார். எண்ணெய் விட்டு ஊறவைத்து, தானே உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவார்.

போன வருஷம் வேறொரு ஊரில் பழைய இரும்புக் கடையில் சிலிண்டர் வெடித்து இரண்டு பேர் செத்துப்போனார்கள். அந்தப் படம் எல்லோர் செல்போனுக்கும் வந்தது. மகள் ஷஹானா அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, இனி வால்வைத் தொடவே கூடாது என்று வாப்பாவிடம் அழுது சத்தியம் வாங்கிக்கொண்டாள். மறுவாரம் கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது: ‘வால்வு கழற்றிய சிலிண்டர் மட்டுமே வாங்கப்படும்.’

எல்லோரும் மெச்சினோம். நான்கூட, பாய்க்கு இப்போதுதான் பிழைக்கிற புத்தி வந்திருக்கிறது என்றேன். அப்படியானால் அந்த வால்வை இனி யார் கழற்றுவார்கள் என்று எங்களில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நாங்கள் மனுஷர்கள்.

கல்யாணசுந்தரி மேலகரத்துக்காரி. சீசன் முடிந்து குற்றாலத்தில் கடைகளைப் பிரிக்கும்போது, கழித்துப்போடுகிற தகரம், கம்பி, ஓட்டை அண்டா எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளுவண்டியில் கொண்டுவருவாள். வாய் ஓயாது. என் பட்டறையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, என் வெல்டிங்கைவிட அவள் சோற்றுப் பருக்கையால் ஒட்டுவது நன்றாக ஒட்டும் என்று கேலி செய்துவிட்டுப் போவாள். எனக்குக் கோபமே வராத ஒரே ஆள் அவள்தான்.

அந்தச் செப்டம்பரில் ஒரு பஜ்ஜிக் கடையிலிருந்து சின்ன சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்தாள். வால்வு துருவேறி இறுகிக் கிடந்தது. பீர் மைதீன் பலகையைக் காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது; அவரே வாசித்துச் சொன்னார். முன்னெல்லாம் நீங்கள்தானே கழற்றுவீர்கள் என்று கேட்டாள். அவர் மகளுக்குச் செய்த சத்தியத்தைச் சொன்னார். எழுந்து வந்து சிலிண்டரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“வால்வோட எடுக்க மாட்டேன் தங்கச்சி. கழட்டிட்டுக் கொண்டா, எடுத்துக்கிடுதேன்.”

இது என்ன பெரிய வேலையா, வீட்டில் சுத்தியல் கிடக்கிறது என்று சொல்லி அவள் வண்டியைத் திருப்பினாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். என் பட்டறை வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட் வேலை ஒன்று பாதியில் இருந்ததால் முகமூடியை இறக்கிக்கொண்டேன்.

நடந்ததைப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். மழை தூறியதால் சிலிண்டரை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறாள். குலுக்கிப் பார்த்திருக்கிறாள், சத்தம் இல்லை. இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வால்வைச் சுத்தியலால் அடித்திருக்கிறாள். மூன்றாவது அடியில் அது கழுத்தோடு முறிந்தது. நாலு எட்டுத் தள்ளி அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

செய்தி கேட்டதும் பீர் மைதீன் கடையைப் பூட்டவில்லை, செருப்பும் போடவில்லை. நான்தான் அவரைப் பைக்கில் ஏற்றித் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். 

அவள் உடம்பு முழுக்கக் கட்டு. உதடு மட்டும் தெரிந்தது. யார் வந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் சொன்னதும் மெல்லத் தலையை அசைத்தாள். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் அது பிச்சை போட்டது மாதிரி இருந்திருக்கும்.

“வால்வு கழண்டுட்டு அண்ணாச்சி,” என்றாள். “இப்ப எடுத்துக்கிடுவியளா?”

பீர் மைதீன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் காத்திருந்தாள். பதில் தெரியாமல் அவள் அப்படிக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், எடுத்துக்கொள்வார் என்று நான்தான் சொன்னேன்.

சரி என்றாள். அவளுக்கு அதில் நிம்மதி. மறுநாள் மத்தியானம் செத்துப்போனாள்.