அன்னக்கொடியின் வலது கை

என் மனைவி அன்னக்கொடியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் வேறு யாரும் எழுதப்போவதில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்திருந்தால் என்னைப் பற்றி எழுதியிருப்பாள். அதற்கு இதுவே தேவலை.

பரவைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே போர்டு பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார்; பெயர் கருத்தக்கண்ணன். பகலில் வாய்ப்பாடு, சாயங்காலம் டிரில். “கையைத் தூக்கு, இறக்கு, முட்டியை மடக்கு” என்று நான் போடும் சத்தம் கண்மாய்க்கரை வரை கேட்கும் என்பார்கள். அதில் எனக்கு ஏகப் பெருமை. நிலம், மாடு கன்று, வீடு எல்லாவற்றையும் அன்னக்கொடி பார்த்துக்கொண்டாள். நெல் மூட்டையை ஆள் துணையில்லாமல் புரட்டிப் போடுகிறவள் அவள். நான் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குடும்பத்தையே தாங்குகிறவன் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

1936ஆம் வருடம் தை மாதம், நெல் அவித்துக்கொண்டிருந்தவள் அடுப்படியிலேயே சரிந்தாள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிப் பேச்சுக் குழறியது. அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். புறா ரத்தத்தைச் சுடச்சுடத் தேய்த்தோம். பேயடித்திருக்கிறது என்று ஒருவர் சொன்னதற்கு வேப்பிலையும் அடித்தோம். பிறகுதான் வண்டி கட்டி மதுரைக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து, “உயிருக்குப் பயமில்லை, இதற்குமேல் மருந்தும் இல்லை. கைகாலைப் பழக்கினால் கொஞ்சம் வரும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பழக்குவது எப்படி என்று சொன்னவர், அந்த வார்டில் ஆர்டர்லியாக இருந்த நல்லகாமன். முந்தைய பெரிய சண்டையின்போது பஸ்ரா பட்டாள ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். குண்டடி பட்ட சிப்பாய்களை அங்கே எப்படி எழுப்பி நடக்க வைத்தார்கள் என்பதைப் பக்கத்திலிருந்தே பார்த்துப் பழகியவர். காளவாசலில் வீடு. ஞாயிற்றுக்கிழமை தோறும் சைக்கிளில் வருவார். எங்கள் கொல்லைக் கத்திரிக்காயைத் தவிர எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார்.

முதல் ஞாயிறு அவர் சொன்னது நினைவிருக்கிறது. “கை நல்லாத்தான் இருக்கும்மா. அடி பட்டது மூளையில. அங்கருந்து கைக்கு வார வழி தூந்து போச்சு. திரும்பத் திரும்ப நடந்தா ஒத்தையடிப் பாதை விழுகுதுல்ல, அந்த மாதிரிதான். நாளைக்கு நூறு தரம் தூக்கணும். வரலைன்னாலும் தூக்கணும்.” பிறகு, “இந்தக் கை திரும்ப வந்தா முதல்ல என்ன செய்வீக?” என்று கேட்டார்.

அவள் யோசிக்கவே இல்லை. “மாயக்காளுக்குப் பரிசம் போடுற அன்னிக்கி, நாந்தான் தட்டுக் குடுக்கணும். ரெண்டு கையாலயும்” என்றாள்.

மாயக்காள் எங்கள் ஒரே மகள். அப்போது பதினாறு வயது. எங்கள் பக்கத்தில் பரிசம் போடுகிற அன்று வெற்றிலை, தேங்காய் வைத்த தட்டைப் பெண்ணின் தாய்தான் மாப்பிள்ளையின் தாய் கையில் கொடுக்க வேண்டும். இடது கையால் நீட்டினால் அதைவிட அவமரியாதை கிடையாது. அன்னக்கொடிக்கு மிச்சமிருந்தது இடது கைதான்.

நல்லகாமன் என்னைத்தான் கூட இருந்து பழக்கச் சொன்னார். விரல்களைப் பிரித்து விட வேண்டும், தோளைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். நாலு நாள் செய்தேன். ஐந்தாம் நாள் என் தம்பி பெண்டாட்டி ராமக்காள் எட்டிப் பார்த்து, “மச்சான் பொண்டாட்டிக்குக் கை புடிச்சு விடுறாக” என்று சிரித்தாள். அதோடு நிறுத்திவிட்டேன். மாயக்காள் எடுத்துக்கொண்டாள்.

கால் முதலில் வந்தது. நடந்தால்தான் பலம் ஏறும் என்று சொல்லியிருந்தபடியால், சாயங்காலம் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு பள்ளிக்கூடப் பாதையில் நடப்பாள். வலது கால் மண்ணில் அரைவட்டம் போட்டுக்கொண்டு வரும். ஒருநாள் நான் டிரில் நடத்திக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் வந்தாள். வரிசையின் கடைசியில் இரண்டு மூன்று பேர் அதே மாதிரி காலை இழுத்துக் காட்டினார்கள். எல்லாப் பயல்களும் சிரித்தார்கள். சின்னத் தப்புக்கெல்லாம் பிரம்பெடுக்கிற நான், அன்று எடுக்கவில்லை. பாராததுபோல் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அவளிடம்தான் பாய்ந்தேன். “இனிமே ரோட்டுப் பக்கம் வராத. எம் மானத்த வாங்காத.”

அதன் பிறகு அவள் வெளியே வரவில்லை. தொழுவத்துக்குள்ளேயே நடந்தாள். மாட்டுக்குத் தீனி போடுகிற காடியைப் பிடித்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள். நல்லகாமன் உத்தரத்தில் ஒரு கயிற்றைப் போட்டுத் தொங்கவிட்டார். ஒரு நுனியை வலது கையில் கட்டிவிட்டு, மறு நுனியை இடது கையால் இழுக்க வேண்டும். நல்ல கை பழுதான கையைத் தூக்கிவிடும். நான் டிரில்லில் கத்துகிற நேரத்தில் அவளும் அங்கே கை தூக்கிக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவளே சொன்னாள், “உங்க சத்தம் கேக்குதுல்ல, அதுக்குத் தக்கன தூக்கிக்கிருவேன்.”

கயிறு போய்ப் பித்தளைத் தட்டு வந்தது. முதலில் வெறும் தட்டு. பிறகு அதில் ஓர் உழக்கு நெல். பிறகு இரண்டு உழக்கு. தட்டு சாய்ந்து நெல் சிந்தும். மாயக்காள் பொறுக்கிப் போடுவாள். “எடுக்குறது பெருசில்லம்மா. சிந்தாம, வெடுக்குன்னு விடாம, மெல்ல இறக்கி வைக்கிறதுதான் வேல. இறக்குறப்பத்தான் சதைக்குப் பலம் ஏறும்” என்பார் நல்லகாமன். ஒரு படி நெல்லோடு தட்டை நெஞ்சுக்கு நேராகத் தூக்கி அவள் மெல்ல இறக்கியபோது, வருடம் ஒன்றரை ஓடியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வண்டியூரிலிருந்து விருமாண்டி தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தார். அசல், எங்களுக்கு முன்பின் பழக்கமில்லாதவர்கள். தாய்க்கு வாதம் என்று தெரிந்தால் பெண்ணுக்கும் வரும் என்று பேசுவார்களே, சம்பந்தம் தட்டிப் போகுமே என்று பயந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. கோணின வாயும் இழுக்கிற காலுமாக அவள் சபையில் நிற்பதை என்னால் பார்க்க முடியாது. அவ்வளவுதான்.

பரிசத்தன்று காலையில் தொழுவத்துக்குப் போனேன். அவள் சுங்குடிச் சேலை கட்டித் தயாராக இருந்தாள்.

“இன்னிக்கி நீ வர வேணாம். அவுக போற வரைக்கும் இங்கயே இரு” என்றேன்.

“நான் குடுத்துருவேங்க. சிந்தாது.”

“கல்யாணத்துல குடுத்துக்கிரலாம்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தால்கூட நான் கோபப்பட்டிருக்கலாம். அழவில்லை. நான் வெளியே வந்து கதவைச் சாத்தி நாதாங்கியை மாட்டினேன். மாடு முட்டித் திறந்துவிடும் என்பதற்காகத்தான் மாட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். மாடுகளை விடிகாலையிலேயே வயலுக்கு ஓட்டிவிட்டிருந்தோம்.

சபை கூடியதும் விருமாண்டி கேட்டார். “பொண்ணோட ஆத்தாளக் காணமே, சம்மந்தி?”

“பொறந்த வீட்டுல ஒரு சாவு. போயிருக்கா” என்றேன். வாத்தியார் வாய், தடுமாறவில்லை. உள்வாசலில் நின்ற மாயக்காள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

ராமக்காள் தட்டுக் கொடுத்தாள். பெண்கள் குலவை போட்டார்கள். சாப்பிட்டு, சிரித்துப் பேசி, அவர்கள் வண்டியேறும்போது வெயில் தாழ்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் தொழுவத்துக்குப் போய் நாதாங்கியை எடுத்தேன்.

அவள் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் பித்தளைத் தட்டு. ஒரு படி நெல், அதன்மேல் வெற்றிலை, தேங்காய். என் காலடிச் சத்தம் கேட்டதும் எடுத்திருக்கிறாள். கதவு திறந்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“கூப்புடுறாகளா?”

“போயிட்டாக” என்றேன்.

“குலவ கேட்டுச்சே. தட்டு யாரு குடுத்தது?”

“ராமக்கா.”

தட்டைத் தரையில் எறிவாள், என் மூஞ்சியில் வீசுவாள் என்று நினைத்தேன். வீசியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் முட்டியை மடக்கி, கொஞ்சங்கொஞ்சமாகத் தட்டை இறக்கி வைக்கோல்மேல் வைத்தாள். வலது கை நடுங்கியது. ஒரு நெல் சிந்தவில்லை.

அடுத்த ஞாயிறு நல்லகாமன் சைக்கிளை நிறுத்துவதற்குள்ளேயே கேட்டார். “தட்டுக் குடுத்தீகளாம்மா?”

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பாமல், “குடுத்தேண்ணே” என்றாள்.

“சிந்துச்சா?”

“சிந்தல.”

அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கத்திரிக்காய் பறிக்கிற சாக்கில் கொல்லைக்குப் போய்விட்டேன். பறித்துக்கொண்டு திரும்ப வரவும் கால் வரவில்லை.

கல்யாணத்தன்று மறைக்க வழியில்லை. விருமாண்டியின் மனைவி அன்னக்கொடியின் நடையைப் பார்த்ததும் கிட்டே வந்தாள். “வாதமா மதினி? எங்க ஆத்தாளுக்கும் வந்துச்சு. படுத்தவ எந்திரிக்கவே இல்ல. நீங்க இம்புட்டு நடக்குறீகளே!” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பயந்த விஷயம் அவ்வளவில் முடிந்தது. “அன்னிக்கி எங்க போனீக?” என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இப்போது வருடம் ஆறாகிறது. அன்னக்கொடி இன்னும் தினம் தட்டைத் தூக்கி இறக்குகிறாள். விட்டால் கை இறுகிப்போகும் என்கிறார் நல்லகாமன். வலது கை முக்கால்வாசி வந்துவிட்டது. மாப்பிள்ளை வந்தால், நல்லகாமன் வந்தால், பேரப்பிள்ளைக்கும்கூட, வலது கையால் அகப்பையைப் பிடித்துச் சோறு போடுகிறாள்.

எனக்கு மட்டும் இடது கை. பரிசம் முடிந்த அன்று ராத்திரிச் சாப்பாட்டிலிருந்தே அப்படித்தான். அன்று நிமிர்ந்து பார்த்தேன். “உங்களுக்கு இது போதும்” என்றாள். அதற்குப் பிறகு நான் நிமிர்வதில்லை. போட்டதைச் சாப்பிட்டு எழுந்துவிடுகிறேன்.