பவுனம்மாள் போட்ட கையெழுத்து

பவுனம்மாள் எண்ணூர்க் குப்பத்திலிருந்து மணலிக்குக் கூடையில் மீன் கொண்டுபோய் விற்பவள். 2006இல் பூவம்மா அவளை மகளிர் குழுவில் சேர்த்தாள். இருவரும் ஒரே தெரு. பத்து வருஷமாக ஒரே பஸ்ஸில் போகிறவர்கள். குழுவில் பத்துப் பேர். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் சேர்ந்து கட்டவேண்டும்.

குழுக் கடனாகப் பதினைந்தாயிரம் கைக்கு வந்தது. ஐஸ் பெட்டி வாங்கி மணலியில் ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்கலாம் என்றிருந்தாள். புருஷன் தேசப்பன், "படகு எஞ்சின் பூட்ச்சு பவுனு. அத்த மொதல்ல பாப்போம். தவணைய நான் கட்டறேன்" என்றான். கல்யாணமாகி அவளிடம் அவன் கேட்டு நின்றது அதுதான் முதல் தடவை. கொடுத்துவிட்டாள்.

கடலில் மீன் படவில்லை. தவணையும் கட்டவில்லை, வீட்டுச் செலவுக்குக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டான். கேட்டால், "ஒனக்குத்தான் லோன் குடுக்கறாங்களே, என்னை இன்னாத்துக்குக் கேக்கறே?" என்பான்.

மூன்று வாரத் தவணை தவறியது. நான்காம் வாரம் ஒன்பது பெண்களும் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். தேசப்பன் பின்பக்கமாக நழுவிவிட்டான்.

"எம் புள்ள ஜுரத்துக்கு வெச்ச காச ஒனக்காகக் கட்டிகீறேன் பவுனு. வாங்காம எழுந்திருக்க மாட்டோம்" என்றாள் பூவம்மா.

உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் அம்மு வெளியே வந்து, காதுக் கம்மலைக் கழற்றி நீட்டினாள். பூவம்மா அழுதாள். அழுதுகொண்டே வாங்கிக்கொண்டாள். மறுநாளிலிருந்து இருவரும் வேறு வேறு பஸ்ஸில் போனார்கள்.

அம்மு பத்தாம் வகுப்பை விட்டுவிட்டு இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போனாள். நாளெல்லாம் ஐஸ் தண்ணீரில் கை. அவள் சம்பளத்தில் ஒன்றரை வருஷத்தில் கடன் தீர்ந்தது.

வசூலுக்கு வருகிறவர் சந்தோஷமாக, அடுத்து முப்பதாயிரம் தருவதாகச் சொன்னார். பவுனம்மாள் வேண்டாம் என்றாள். அன்று சாயங்காலம் பூவம்மா வந்தாள். ஒன்றரை வருஷம் கழித்து அவள் பேசியது இதுதான்: "பத்துப் பேரும் கையெழுத்து போட்டாத்தான் தருவாங்களாம். நீ போடலன்னா எங்களுக்கும் இல்லன்னு பூடும்."

தேசப்பன் தெருவைப் பார்த்து நின்றான். அந்தப் பணத்தில் வலை வாங்குவதென்று அவன் பேசி முடித்துவிட்டது அவளுக்குத் தெரியும்.

பவுனம்மாள் கையெழுத்துப் போட்டாள்.

அம்மு தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "கம்பெனில ஞாயித்துக்கெழமையும் வேல கீதாம், அம்மா. நான் போறேன்."