சுவக்கினின் புது மவுத்பீஸ்

பாண் ரொட்டிக்கு விடியற்காலையிலேயே கியூ நின்ற எழுபத்து நாலாம் ஆண்டில், கண்டி தபால் கந்தோரில் முத்திரை குத்திக்கொண்டிருந்த சுவக்கினுக்கு வேண்டியிருந்தது பாண் அல்ல; டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகுழலுக்கு, வாய் வைத்து ஊதும் மவுத்பீஸ் ஒன்று. வெளிநாட்டுச் சாமான் எதுவும் கப்பலேறி வராத காலம். ஊசிக்கே வழியில்லாத நாட்டில் மவுத்பீஸ் கேட்டவரைக் கடைக்காரர்கள் ஏற இறங்கப் பார்த்தார்கள்.

பழையது பழுதாம். அது பழுதானது மனைவி மேபலை அடக்கம் செய்த அன்று. சாவு வீட்டுக்காரர் பாண்டில் ஊதுவதில்லை, பெட்டிக்குப் பின்னால் நடப்பார் என்பது அவர் வாசித்த மாதா கோயில் பாண்டின் வழக்கம். சுவக்கின் கேட்கவில்லை. இருபத்தாறு வருடம் ஊர்ச் சாவுக்கெல்லாம் ஊதியவன் சொந்தப் பெண்சாதிக்கு ஊதாமல் இருப்பதா என்று யூனிபோர்மை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். மஹியாவைக் கல்லறைக்கு ஏறும் ஏற்றத்தில், பாட்டின் நடுவில் டியூபா நின்றுபோனது. மற்றவர்கள் அடித்தளமில்லாத வீடு மாதிரி அந்தப் பாட்டை வாசித்து முடித்தார்கள்.

அன்று முதல் அதில் ஒரு சத்தமும் எழும்பவில்லை. மவுத்பீஸ் ஒடுங்கிவிட்டது, விளிம்பு தேய்ந்துவிட்டது, பனி உள்ளே இறங்கிவிட்டது என்று மாதத்துக்கொரு குற்றப்பத்திரிகை வாசித்தார். பழுதானது எது என்று அவரைத் தவிர பாண்டில் எல்லோருக்கும் தெரியும். மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மேபலின் வருடத் திவசம். அன்று பாதியில் விட்ட பாட்டைக் கல்லறையில் முழுதாக ஊதிவிட வேண்டும். சுவக்கினுக்கு அது ஒன்றுதான் நினைப்பு. பிலிமத்தலாவையில் பித்தளை விளக்கு வார்க்கும், ஊரார் பாஸ் என்றழைக்கும் கைவேலைக்காரர் ஒருவரிடம் பழையதை அளவுக்குக் கொடுத்தார். பாஸ் பிறந்ததிலிருந்து விளக்கைத் தவிர வேறெதையும் செய்தறியாத மனிதர். கை சும்மா இருக்குமா? மவுத்பீஸைச் சுற்றிலும் தாமரை இதழ் செதுக்கி, திரி போட்டால் எரியும் என்பதுபோல் பளபளவென்று கொடுத்தார். அளவு மட்டும் மயிரிழை பிசகவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் கோயில் மண்டபத்தில் பாண்ட் மாஸ்டர் வின்சன்டின் முன்னால் சுவக்கின் அதைப் பொருத்தி ஊதினார். காற்று வந்தது. குழாயில் தேங்கிய தண்ணீரைத் தட்டிவிட்டு, கதிரையை மாற்றிப் போட்டு, நின்றுகொண்டு, திரும்பத் திரும்ப ஊதினார். காற்றுத்தான் வந்தது.

“நீ ஒருக்கா ஊதிப் பாரு தம்பி,” என்று நீட்டினார். இந்த பாஸையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும் நம்பிக்கை அவர் முகத்தில் இருந்தது.

வின்சன்ட் தயங்கித்தான் வாங்கினான். ஊதியதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்படியொரு நிறைந்த சத்தம் அந்த மண்டபத்தில் ஒரு வருடமாகக் கேட்டதில்லை. அவசரமாக வாயை எடுத்தவன், களவு பிடிபட்டவன்போல் நின்றான்.

“இதுவும் சரியில்ல அண்ணே. எங்கயோ காத்து கசியுது.”

“பொய் சொல்லாத.”

சுவக்கின் டியூபாவை வாங்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அடக்கத்தன்றுகூட அவர் அழுததை யாரும் பார்த்ததில்லை. வின்சன்ட் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தாமரை இதழ்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுவக்கின் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“நாளைக்கு நீயே ஊது. மூணாவது வரியில மட்டும் அவசரப்படாத. மேபல் அந்த எடத்தில கொஞ்சம் இழுத்துத்தான் பாடுவா.”