பருக்கை இல்லாத உறை

எங்கள் வீட்டில் யாரும் கடித உறையை நாக்கால் நனைத்து ஒட்டக்கூடாது. ஊருக்குப் போகிற கடிதத்தில் எச்சில் படலாமா என்பது அம்மாவின் கட்சி. தபாலாபீஸ் உறையில் இருக்கும் பசையையும் அவள் நம்பவில்லை. பம்பாய் மழைக்காலத்தில் அது எழுதுவதற்கு முன்பே தானாக ஒட்டிக்கொள்ளும். எழுதி முடித்தபின் ஒட்ட மறுக்கும். ஆகவே சோறு வடித்ததும் இரண்டு பருக்கையை எடுத்து, மடிப்பில் நசுக்கித் தேய்த்து, அரிசி டின்னுக்கு அடியில் வைப்போம். காய்ந்தபின் தடவினால் விரலில் நெருடும். மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் ஒற்றை அறையிலிருந்து எல்லாக் கடிதமும் அப்படித்தான் போயிற்று. தேய்க்கும் உத்தியோகம் என்னுடையது. எட்டு வயதில் அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அம்மாவின் தம்பியான மாமா எங்களோடு தங்கி, தாராவியில் ஒரு தோல் கிடங்கில் வேலை பார்த்தார். ஊரில் அத்தை வயிற்றுப் பிள்ளைக்காரி. மாமாவுக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல அப்பா எழுதுவார். நான் ஒட்டும்போது மாமா பக்கத்தில் வந்து உட்காருவார்.

"நல்லா தேயி மருமவளே. உங்க அத்தை தடவிப் பாத்துட்டுத்தான் பிரிப்பா."

அந்த மழையில் மாமாவுக்கு மஞ்சள்காமாலை வந்தது. அதையும் எழுதி அனுப்பினோம். குணமாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆகவில்லை.

தகனம் முடிந்த மறுநாள் காலையில் அப்பா தந்தி கொடுக்கப் புறப்பட்டார். அம்மா வாசலில் மறித்தாள்.

"தந்தி வேண்டாம். அவ பிள்ளை பெறட்டும். இப்பம் சொன்னா ரெண்டு உசிரும் போயிரும்."

அப்பா யோசித்தார். கேம்பில் இருந்த ஊர்க்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய், மூச்சு விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு உட்கார்ந்து, மாமா சொல்வது போலவே எழுதினார். காமாலை இறங்கிவிட்டது, எல்லோரும் நலம், நீ உடம்பைப் பார்த்துக்கொள். இவ்வளவுதான். அதை எழுத அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

உறையை ஒட்ட நான் தயாராக நின்றேன். வீட்டில் ஒரு பருக்கை இல்லை. சாவு வீட்டில் உலை வைக்கக் கூடாதே. பக்கத்து வீட்டார் சாயாவும் பாவு ரொட்டியும்தான் கொண்டுவந்திருந்தார்கள். ரொட்டியைப் பிசைந்து ஒட்டட்டுமா என்று கேட்டேன். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது என்று அப்பா உறையை நாக்கில் இழுத்து ஒட்டிக்கொண்டு மழையில் இறங்கினார்.

"எம்மா, அப்பா எச்சி பண்ணிட்டாவ!"

அம்மா சுவரைப் பார்த்தபடி, "இன்னைக்கு ஒருநா இருக்கட்டும் ட்டி" என்றாள்.

சட்டம் மாறிவிட்டது போலும் என்று எண்ணி, அடுத்த கடிதத்தை நானும் நக்கி ஒட்டினேன். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அப்பாவுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? அன்றோடு தேய்க்கும் உத்தியோகமும் அப்பா கைக்குப் போயிற்று.

அத்தைக்கு ஆண் குழந்தை பிறந்தது. அப்பா ஊருக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். அவள் எதையும் கேட்கவில்லையாம்.

பல வருடம் கழித்து, நான் கல்யாண வயதில் இருந்தபோது, அத்தை பம்பாய்க்கு வந்தாள். அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, ஏதோ பழைய ஊர்க்கதை பேசுவது போலத்தான் சொன்னாள்.

"அன்னைக்கு கவரைத் தடவிப் பாத்தேன் மதினி. பருக்கை இல்ல. உங்க வீட்ல அடுப்பு எரியலன்னு தெரிஞ்சுபோச்சு. உள்ள நலம்னு எழுதியிருந்தது. நான் தாங்கமாட்டேன்னுதான எழுதுனீய? நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன்."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

ஊரில் அத்தை பிள்ளை பிறக்கும்வரை பூவும் பொட்டுமாக நடமாடியிருக்கிறாள். அதே நாட்களில், பருக்கை தேய்க்கும் வேலையை அப்பா பறித்துக்கொண்டாரே என்று நான் இங்கே அழுதுகொண்டிருந்தேன்.