ஒரு ராத்திரி நிற்காத வண்டி

பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஜீப்புக்காரம்மா முதல் வேலையாகப் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் காலால் உதைத்துத் தள்ளுவாள். கைப்பிரேக் பிடிக்காது. அப்புறம் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம், “எண்ணெய் ஊத்துங்கண்ணே, ஆள் காத்திருக்கு” என்பாள். ஆள் யாரும் காத்திருக்காவிட்டாலும் அதையேதான் சொல்வாள். அது ஆம்பளைச் சட்டை. தோள்பட்டை இரண்டு விரற்கடை கீழே தொங்கும்.

மெக்கானிக்குக்கு அவள்மேல் வருஷக்கணக்கில் ஒரு மனத்தாங்கல். ஒரே ஒரு ராத்திரி அந்த வண்டியைப் பட்டறையில் விட மாட்டேன் என்கிறாளே என்று. பெரிய வியாதி ஒன்றுமில்லை. நாலு சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டியில், எண்ணெயை வெளியே விடாமல் அடைக்கிற பின்பக்க ரப்பர் வளையம், ஆயில் சீல், தேய்ந்துபோயிற்று. அங்கே கசிகிற எண்ணெய் நேராகக் கைப்பிரேக் டிரம்முக்குள் இறங்குகிறது. சீலை மட்டும் மாற்றினால் போதாது. அது உட்காருகிற இரும்பிலேயே பள்ளம் விழுந்திருக்கிறது. கழற்றி, லேத்துப் பட்டறைக்கு அனுப்பி, மறுநாள்தான் பூட்ட முடியும். புது சீல் ஒன்றை எப்போதோ வாங்கி டிராயரில் போட்டு வைத்திருக்கிறான். அதைச் சுற்றிய காகிதமே பழுத்துவிட்டது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? அவள் வண்டி நின்ற இடமெல்லாம் கறுப்புப் பொட்டு. “இது யாரு கைராசி?” என்று எவனாவது கேட்டால், பக்கத்துப் பஞ்சர் கடைக்காரன் வாயைத் திறக்காமல் இவன் பட்டறையைக் கை நீட்டிக் காட்டுவான்.

“ஒரு ராத்திரி விடும்மா. வண்டியக் கடிச்சா தின்னுடப் போறேன்?”

“கடிச்சா உங்க பல்லுதான் போகும். ஊத்துங்கண்ணே.”

“ஓட்டப் பானைல எத்தனை நாளைக்கும்மா ஊத்தறது?”

“சொட்டுதுன்னா உள்ள இருக்குன்னு அர்த்தம். சொட்டாத அன்னிக்குத்தான் பயப்படணும்.”

ஊற்றி முடித்ததும் அவளே குனிந்து பெட்டியின் துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பாள். விரல் நனைந்தால்தான் நம்புவாள். அதை முகர்ந்துவிட்டு டயரில் துடைப்பாள்.

பஸ் ஏறாத மேட்டுக் குடியிருப்புக்கு அவள் வண்டிதான் கதி. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், வாத்தியார், வயிற்றுவலிக்காரன் எல்லாம் அதில்தான். வாடகையில் பேரம் பேசுகிறவர்களிடம், “ஒருதரம் நடந்து ஏறிப் பாருங்க, அப்பறம் பேசலாம்” என்பாள். முதல் கியரில் வண்டி முக்கும்போது, “வாடா ராசா, இன்னும் கொஞ்சந்தான்” என்று ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுப்பாள். பின்னால் இருக்கிறவர்களும் தங்களையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

சாயங்காலம் கடைசி நடைக்கு மட்டும் ஒரு சட்டம். பின்னால் ஆள்மேல் ஆள் உட்கார்ந்தாலும் முன்சீட்டில் யாரும் ஏறக்கூடாது. கேட்டால், “அது புக்கிங்” என்பாள். கடைசி பஸ் வந்து நிற்கும். எஞ்சினை அணைக்காமல் இறங்குகிறவர்களையே பார்த்திருப்பாள். பஸ் காலியாகித் திரும்பிப் போனதும், தூசி அடங்கும்வரை இருந்துவிட்டுக் கியர் போடுவாள். முன்சீட்டு காலியாகவே மேடேறும்.

விஷயத்தைச் சொன்னவன் பஞ்சர் கடைக்காரன்தான்.

“வீட்டுக்காரரு தூர தேசத்துக்கு வேலைக்குப் போனாரில்ல? கடைசியா பேசினப்ப, ‘ஒருநாள் கடைசி பஸ்ல வந்து எறங்குவேன், வண்டியோட நில்லு, என் முட்டி மேடு தாங்காது’ன்னாராம். அப்பறம் போனும் இல்ல, ஆளும் இல்ல. வண்டிய உங்கிட்ட விட்ட அன்னிக்குன்னு பாத்து அவரு வந்துட்டா?”

மெக்கானிக் குனிந்து ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான்.

“நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போடற? ஒழுகல் நின்னுட்டா அந்தம்மா இந்தப் பக்கம் எதுக்கு வரப்போவுது? வாய மூடிக்கிட்டு ஊத்து. என்ன, அண்ணேன்னு வேற கூப்பிட்டுத் தொலைச்சிடுச்சு!”

மெக்கானிக் ஸ்பேனரை ஓங்கினான். ஆனால் அடிக்கிற வேகம் அதில் இல்லை. எண்ணெய் ஊற்றத் தேவையான நேரத்துக்கு மேலும் கொஞ்சம் அவன் வண்டிக்கடியில் கிடப்பதுண்டு. அங்கிருந்து பார்த்தால் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் அவள் செருப்பு தெரியும்.

போன வாரம் ஒருநாள் காலையில் கட்டை நழுவிவிட்டது. பஸ் நிற்கும் சரிவில் அவள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். வண்டி தானாகப் பின்னால் உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் அந்தச் சுவரோரத்திலிருந்து அப்போதுதான் நகர்ந்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நேராகப் பட்டறைக்கு வந்தாள். “ஊத்துங்கண்ணே” சொல்லவில்லை. சாவியைப் பெஞ்சின்மேல் வைத்தாள்.

“கழட்டிடுங்க. நாளைக்குக் காலைல வரேன்.”

கேட்டது கிடைத்த மனுஷன் முகமாக மெக்கானிக்கின் முகம் இல்லை. திரும்பிக்கொண்டு, கை வைத்ததுமே கிடைக்கிற சீலை டிராயருக்குள் தேடிக்கொண்டிருந்தான்.

“மாமியார் மேட்டு வீட்டுல தனியாக் கிடக்காங்க” என்றாள் முதுகுக்குப் பின்னால். “நடந்து ஏறணும்னா நான் மத்தியானமே கெளம்பணும். கடைசி பஸ்ஸுக்கு இருக்க முடியாது.”

“சரிம்மா.”

வாசல்வரை போனாள். திரும்பி வந்தாள்.

“அண்ணே, சாயங்காலம் நீங்க ஒரு எட்டுப் போய் நிப்பீங்களா? நல்ல உயரம். முண்டியடிக்க மாட்டாரு, எல்லாரும் எறங்கின பிறகுதான் எறங்குவாரு. பஸ் காலின்னு நெனச்சு வந்துடாதீங்க.”

மெக்கானிக் தலையை ஆட்டினான்.

“வண்டி எங்கன்னுதான் மொதல்ல கேப்பாரு. ஒழுகுதுன்னு சொல்லிடாதீங்கண்ணே. அவரு கையில இருந்தவரைக்கும் ஒரு சொட்டு கீழ விழுந்ததில்ல. கழுவ விட்டிருக்குன்னு சொல்லுங்க.”

சொல்லிவிட்டு, பெஞ்சில் கிடந்த சாவியை ஒற்றை விரலால் அவன் பக்கமாகத் தள்ளினாள்.