நான் விற்ற ஐரோப்பா

டிராவல்ஸில் ஹாலிடே கவுன்ட்டர் வேலை, பந்தியில் பரிமாறுகிறவன் வேலை மாதிரி. கை மணக்கும், வயிறு காயும். நகைக்கடையில் ஒட்டியாணம் எடுத்துக் காட்டும் சேல்ஸ்மேன்கள், அடுத்தவர் புதுவீட்டில் பால் காய்ச்ச நாள் குறித்துக் கொடுக்கும் புரோக்கர்கள் என்று இதைப் படிக்கிற சக பாவிகளுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எட்டு வருஷம் அபுதாபியில் அந்தக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். நாலு நாள் பாரிஸ், ஐந்து நாள் ரோம், வியன்னா, வெனிஸ் என்று விற்பேன். ஊருக்குப் போகிற லீவு போக, நடுவில் ஒரு குட்டி ஐரோப்பா போய்வரும் பழக்கம் குடும்பத்தோடு இருக்கும் நம் ஆட்களுக்கு அப்போதுதான் தொற்றியிருந்தது. எந்த ஊரில் எந்தத் தெருவில் என்ன சாப்பிட வேண்டும், எந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தால் சாயங்கால வெயில் முகத்தில் விழும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் போனதில்லை. ரோமை மட்டுமாவது ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

வெனிஸ்

பேங்கில் வேலை பார்க்கும் மயிலாப்பூர்க்காரர் ஒருவர் கல்யாண நாளுக்கு மனைவியோடு வெனிஸ் போனார். கருப்புப் படகில் எங்கே ஏற வேண்டும், எந்தப் பாலத்தைத் தாண்டும்போது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று மேப்பில் வட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்த மறுநாளே ஆபீசுக்கு வந்தார். கவுன்ட்டரை விட்டு எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி இருந்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தண்ணி நாறறது சார். அவன் அரை மணிக்குக் கேக்கற காசுக்கு, துபாய்ல தேராவுக்குப் போய் அப்ரா படகுல ஆயுசு முழுக்க அக்கரைக்கும் இக்கரைக்கும் போயிட்டு வரலாம்."

பாரிஸில் சாப்பாடு

அடுத்தவர் ஒரு ஆடிட்டர். மதுரைக்காரர், சுத்த சைவம். பாரிஸில் பட்டினி கிடந்துவிடுவோமோ என்று அவர் மனைவிக்குப் பயம். அந்த அம்மாவுக்காக இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு பட்டியல் தயாரித்தேன். ஹோட்டலுக்கு எதிரில் இருக்கும் பேக்கரியில் காலையில் சூடாகக் கிடைக்கும் ரொட்டி, பாதாம் வைத்த பிஸ்கட், எந்தப் பாலாடைக்கட்டி சைவம், எது இல்லை, வெங்காய சூப்பில் மாட்டெலும்புச் சாறு இருக்கும், தொடக் கூடாது. எழுதும்போது எனக்கே எச்சில் ஊறியது.

திரும்பி வந்தார்கள். அந்த ரொட்டி எப்படி இருந்தது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். எந்த ரொட்டி என்று கேட்டார். நாலு நாளும் மூன்று வேளையும் மெட்ரோ பிடித்து ஒரே தெருவுக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

"சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்ல தம்பி. அங்க இலங்கைத் தமிழ் ஆளுக கடை வச்சிருக்காக, இங்க கிடைக்கிறத விட சாம்பார் நல்லாருந்துச்சு."

பிறை

எங்கள் தொழிலுக்கு ஈத் பெருநாள் லீவுதான் சீசன். ஆனால் பெருநாள் என்றைக்கு என்பது முந்தின நாள் பொழுது சாய்ந்து பிறை தெரிந்தால்தான் உறுதி. பிறை தெரியாவிட்டால் நோன்பு இன்னொரு நாள், லீவும் ஒரு நாள் தள்ளிப் போகும். ஒரு நாள் விட்டே டிக்கெட் போடுங்கள் என்று வருகிற எல்லோரிடமும் கெஞ்சுவேன்.

எண்ணெய்க் கம்பெனியில் இருந்த ஒரு கோயமுத்தூர் இன்ஜினியர் கேட்கவில்லை. ஒரு நாளை எதற்கு வீணாக்க வேண்டும் என்று, மாற்ற முடியாத டிக்கெட்டாக வியன்னாவுக்கு நாலு பேருக்கு வாங்கினார். பிறை தெரியவில்லை. காலையில் விமானம், அவருக்கோ சைட்டில் டியூட்டி. விமானம் போய்விட்டது, டிக்கெட்டும் போய்விட்டது. சாயங்காலம் இரண்டு பிள்ளைகளோடும் மனைவியோடும் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். பெரிய பெண் கழுத்தில் கம்பளி மப்ளர் சுற்றியிருந்தாள். வெளியே நாற்பது டிகிரி. நான் ஏதாவது ஆறுதல் சொல்வதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"பிறை தெரியாதுன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

வெல்டர் முருகேசன்

அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருபது வருஷமாக வெல்டராக இருந்தவர் முருகேசன் அண்ணன். புதுக்கோட்டைப் பக்கம். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சட்டையை இன் செய்துகொண்டு வந்து, பாரிஸ் போக வேண்டும் என்றார். அங்கே இருக்கும் அந்த இரும்புக் கோபுரத்தில் வெல்டிங்கே கிடையாதாம், எல்லாம் ரிவெட் அடித்து நிறுத்தியதாம், கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். அத்தனை வருஷத்தில், தான் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து வந்த ஒரே கஸ்டமர் அவர்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் அண்ணனுக்குச் செய்வதுபோல் ஃபாரம் நிரப்பினேன். அவருக்கு விசா கொடுத்த கபீல் கையெழுத்து போட்ட லெட்டர், இன்ஷூரன்ஸ், ஹோட்டல் புக்கிங், ஒன்று குறைவில்லை.

விசா கிடைக்கவில்லை. திரும்பி வருவார் என்று நம்பிக்கை இல்லையாம். மறுபடி போட்டோம், மறுபடியும் அதே பதில். பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர்தான் சிரித்தார்.

"நான் பாரிஸ்ல போயி ஒளிஞ்சுக்குவேனாம் சார். லேபர் கேம்ப்ல ஒரு ரூமுக்குப் பத்துப் பேரு, இருபது வருசமா அங்கயே எனக்கு ஒளிய எடம் கெடைக்கல."

என் முறை

அடுத்த வருஷம் ஒரு விமானக் கம்பெனி, ஏஜென்சிக்கு ஓர் ஆளை ஐந்து நாள் ரோமுக்கு அழைத்தது. தங்குமிடம், சாப்பாடு, சுற்றிக் காட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மேனேஜர் என் பெயரைக் கொடுத்தார். நான் குளிருக்கு ஒரு கோட்டு வாங்கி, ரூமில் ஏசியைக் கூட்டி வைத்துப் போட்டுப் பார்த்தேன்.

தூதரகத்தில் இருந்த அம்மையார் என் பாஸ்போர்ட்டில் ரெசிடென்ஸ் விசா பக்கத்தைத் திறந்து அப்படியே நிறுத்திவிட்டார். தொழில் என்ற இடத்தில் மேசன் என்று இருந்தது. எங்கள் அரபாப்புக்கு, அதாவது அரபு முதலாளிக்கு, கட்டடக் கம்பெனியும் உண்டு; நான் வந்த சமயம் அவரிடம் மிச்சமிருந்தது கொத்தனார் விசாதான், அதில் என்னை இறக்கிவிட்டார்கள். இதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நான் டிராவல்ஸ்காரன்தான் என்று நிரூபிக்க, ரோமை ஸ்டேஷனிலிருந்து ஆரம்பித்து ஒப்பித்தேன். எந்த பஸ், எந்தச் சந்து, எந்தக் கடையில் காபிக்கு முதலில் காசு கட்டிவிட்டு நின்றபடியே குடிக்க வேண்டும் என்பது வரைக்கும் சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். அதன் பிறகு, கோபமே இல்லாமல், இங்கிலீஷில் சொன்னது இதுதான்:

"ரோமைப் பற்றி எனக்கே இவ்வளவு தெரியாது. ஆனால் அங்கே கொத்தனாருக்கு உடனே வேலை கிடைக்கும் என்பது தெரியும்."

மேனேஜர்

எனக்குப் பதிலாக மேனேஜரே போய்வந்தார். திருச்சிக்காரர், நல்ல மனுஷன். போய்வந்த வாரம் ஒரு குடும்பம் ரோம் பற்றிக் கேட்க, அனுபவஸ்தராயிற்றே என்று அவரிடமே அனுப்பினேன். நடந்து நடந்து கால் வீங்கிவிட்டது, எல்லாம் இடிந்துபோன சுவர், இரண்டு நாளே அதிகம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

நான் சமயம் பார்த்து அவர் கேபினுக்குப் போனேன். விசாவில் தொழிலை மட்டும் மாற்றிக் கொடுங்கள் சார், அடுத்த தடவையாவது போய்விடுகிறேன் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் சுலைமானி டீ வரவழைத்து, என்னை உட்காரச் சொல்லி, குடிக்கும்வரை காத்திருந்தார். பாராட்டுகிற முகத்தோடுதான் சொன்னார்.

"போயிட்டு வந்தவன் நான், என்னால ஒரு டிக்கெட் விக்க முடியல. நீ போகாததாலதான்யா இவ்வளவு ஆசையா விக்கிற. உன்னை அனுப்பிட்டு நான் யாரை வச்சு கடை நடத்துறது?"

ஆக, எட்டு வருஷம் ஐரோப்பாவை விற்ற நான் கண்ணால் பார்த்த வெளிநாடு அபுதாபி ஒன்றுதான், அதையும் லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில் மட்டும்.